பெரிய சிறுநீரகக் கல்லும் ரோபோ ஆபரேஷனும்: உங்கள் கேள்விகள்

அப்பாவுக்கு 3 செ.மீ. கல். ரோபோ வைத்து எடுக்கலாம் என்கிறார்கள். இயந்திரமே ஆபரேஷன் செய்யுமா?

செய்யாது. டாக்டர் அதே அறையில், சற்றுத் தள்ளி ஒரு கன்சோலில் உட்கார்ந்து இயக்குவார். அவர் விரல் அசைவுக்கு ஏற்பத்தான் கருவி அசையும். கை நடுக்கம் கருவிக்குப் போகாது, உள்ளே நுணுக்கமாகத் தையல் போடலாம். ஆனால் 2 செ.மீ.க்கு மேலான கல்லுக்குப் பொதுவாக முதலில் யோசிப்பது பிசிஎன்எல்தான்: முதுகில் ஒரு சிறு துளை, அதன் வழியாகக் கல்லை உடைத்து எடுப்பது. அப்பாவுக்கு அது ஏன் ஒத்துவராது என்று டாக்டரிடம் கேளுங்கள். தெளிவான காரணம் சொன்னால் சரி.

அப்படியானால் ரோபோ யாருக்குத்தான் தேவை?

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்க்குழாய் தொடங்கும் இடம் சிலருக்குப் பிறவியிலேயே குறுகியிருக்கும். சிறுநீர் அங்கே தேங்கும், கல் வளரும். கல்லை மட்டும் எடுத்து அனுப்பினால் அடைப்பு அப்படியே இருக்கும், கல்லும் மறுபடி வரும். இவர்களுக்கு ரோபோ உண்மையிலேயே நல்ல வழி. கல்லை எடுத்த கையோடு, குறுகிய பகுதியை வெட்டி நீக்கிவிட்டுக் குழாயைப் புதிதாகத் தைத்துவிடலாம். சிறுநீரகம் இடுப்புப் பக்கம் இறங்கி இருப்பவர்களுக்கும் முதுகு வழி கடினம் என்பதால் இதை யோசிப்போம்.

மான்கொம்புக் கல், அதாவது சிறுநீரகத்தின் உள்ளறைகளுக்குள் கிளைவிட்டு வளரும் பெரிய கல், விஷயம் வேறு. எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தால் இஞ்சித் துண்டு மாதிரி கிளை கிளையாக இருக்கும். ரோபோ வழியில் உடைக்காமல் முழுசாக வெளியே வந்தால் நல்லதுதான். ஆனால் கிளைகள் குறுகிய அறைகளுக்குள் நீண்டிருந்தால் முறிந்து உள்ளேயே தங்கிவிடும். சி.டி. ஸ்கேனைப் பார்க்காமல் இதில் யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது.

ஆபரேஷன் முடிந்து உள்ளே டிஜே ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அடிக்கடி போக வேண்டியிருக்கிறது, எரிகிறது. பயப்பட வேண்டுமா?

டிஜே ஸ்டென்ட் என்பது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை தற்காலிகமாக வைக்கும் மெல்லிய குழாய். அதன் ஒரு முனை சிறுநீர்ப்பையில் சுருண்டிருக்கிறது, அதன் உறுத்தல்தான் இது. சிறுநீர் போகும்போது விலாப்பக்கம் சுரீரென்று வலிப்பதும், லேசாகச் சிவப்பாகப் போவதும் சகஜம். குளிர் காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் கட்டிகட்டியாக வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அதைவிட முக்கியம், எடுக்கும் தேதி. வலி குறைந்ததும் பலர் ஸ்டென்ட்டை மறந்தே போகிறார்கள். இரண்டு வருடம் கழித்து வந்த ஓர் அம்மாவுக்கு ஸ்டென்ட் மேலேயே கல் படிந்து, இழுத்தால் வராத நிலை. சில நிமிட வேலை பெரிய ஆபரேஷனாக முடிந்தது. தயவுசெய்து தேதியை வீட்டுக் காலண்டரில் எழுதிவையுங்கள், வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லிவையுங்கள்.

வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கரைந்துவிடாதா?

பெரிய கால்சியம் கல் கரையாது. யூரிக் அமிலக் கல்லை மட்டும் மாத்திரையால் கரைக்க முடியும். பால், தயிரை நிறுத்தாதீர்கள். உணவில் கால்சியம் குறைந்தால் ஆக்சலேட் கல் (கால்சியம் கல்லில் ஒரு வகை) கூடும். ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள். உப்பைக் குறையுங்கள்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் சில பாலிசிகளில் ரோபோ சிகிச்சைக்குத் தனி உச்சவரம்பு இருக்கும். அட்மிட் ஆகும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்புறம், எடுத்த கல்லைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அது எந்த வகைக் கல் என்று தெரிந்தால்தான் அடுத்தது வராமல் பார்க்க முடியும்.