கொண்டைக்கடலைக்கு ஏன் வீரிய ஒட்டு விதை வருவதில்லை?

பருத்திக்கும் கம்புக்கும் ஒட்டு விதை கிடைக்கிறதே, கொண்டைக்கடலைக்கு ஏன் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் முதுகலையில் கொண்டைக்கடலை (இனிமேல் கடலை என்றே சொல்கிறேன்) ஒட்டு வேலை செய்த வருஷம் எங்கப்பா கேட்டதும் இதையேதான். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் பருத்தியும் கொஞ்சம் கடலையும் போடுகிறவர். "ஏளா, பூப்பூவா உக்காந்து மகரந்தம் வைக்கியே, நமக்கு ஒரு பாக்கெட் வெத வராதா?"

வராது. கடலைப் பூ விரியும் முன்பே மொட்டுக்குள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்று முடித்துவிடும். அதனால் பிஞ்சு மொட்டை இடுக்கியால் பிரித்துப் பத்து மகரந்தப்பைகளையும் எடுத்துவிட்டு, வேறு செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். இலையில் ஊறும் புளிப்பு விரலெல்லாம் ஒட்டும். வெள்ளைப்பூ காபுலியை, அதாவது வெள்ளைக் கொண்டைக்கடலையைத் தாயாகவும் சிவப்புப்பூ நாட்டுக்கடலையைத் தந்தையாகவும் வைத்தேன். சிவப்பு ஓங்கு பண்பு; பிள்ளைச்செடி சிவப்பாகப் பூக்க வேண்டும். என் முதல் பதினோரு செடியில் மூன்று பளிச்சென்று வெள்ளை! மொட்டைப் பிரிக்க நேரம் தப்பியிருக்கிறது, அதற்குள் தாய்ப்பூ தன் மகரந்தத்தையே ஏற்றுவிட்டது, அவ்வளவுதான்.

காய்க்கு ஒன்றோ இரண்டோ விதைதான். ஏக்கருக்கு 30 கிலோ விதைக்கணும். 100 விதை 20 கிராம் என்று வைத்தால் ஒன்றரை லட்சம் விதை. யார் ஒட்டுச் சேர்ப்பது? பருத்தியில் ஒரு காயிலேயே இருபதுக்கு மேல் விதை, ஏக்கருக்கு ஒரு கிலோகூட வேண்டாம். துவரைக்குத் தேனீ உதவும், நல்ல மகரந்தம் தராத ஆண்மலட்டுச் செடியும் உண்டு. அதனால் 2010-இல் ஐசிபிஎச் 2671 என்ற வீரிய ஒட்டு வெளிவந்தது.

பிறகு கடலையில் வீரியத்தை, அதாவது பெற்றோரைவிடப் பிள்ளைச்செடி எவ்வளவு செழிக்கிறது என்பதை, எதற்கு அளக்கிறோம்? எந்தப் பெற்றோரை நம்பலாம் என்று பார்க்கத்தான். தேங்காய்த் துவையல் எதோடும் ஒத்துப்போகும். எள்ளுத் துவையல் உளுந்தஞ்சோற்றோடுதான் எடுப்பாக இருக்கும். எவரோடு சேர்த்தாலும் நல்ல பிள்ளை தருகிற பெற்றோருக்குப் பொது இணைப்புத் திறன் அதிகம். ஒரே ஒரு ஜோடியில் மட்டும் தூக்கலாக வந்தால் அது தனி இணைப்புத் திறன். 1942-இல் ஸ்பிரேக், டாட்டம் என்ற ஆய்வாளர்கள் இருவரும் மக்காச்சோளத்தில் பிரித்துக் காட்டிய கணக்கு இது. தன்மகரந்தச் செடியில் மரபணுக் கலப்பு தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகும். ஜோடிப் பொருத்தத்தால் வந்த வீரியமும் கூடவே கரையும். பொதுத் திறனில் வந்த மகசூல் பெரும்பாலும் நிலைக்கும், அதைத் தூய ரகமாக்கிவிடலாம். முதல் தலைமுறைச் செடி எவ்வளவு செழித்தாலும், பெற்றோரின் பொதுத் திறனைப் பார்க்காமல் நான் மயங்க மாட்டேன்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அப்பா ஒன்றுதான் கேட்டார்: "அப்போ நம்ம காட்டு வெதையையே அடுத்த வருசத்துக்கு எடுத்து வச்சிக்கிடலாம்லா?"

"தாராளமா வைங்கப்பா. வேற ரகம் கலக்காமப் பாத்துக்கோங்க."