கியூப் டெஸ்டில் டன்னை கிலோநியூட்டனாக்க 10-ஆல் பெருக்கினால் போதாதா?

கேள்வி: கான்கிரீட் கியூபை நசுக்கி வலிமை பார்க்கும் பழைய கம்ப்ரஷன் மிஷின் டயல் டன்னில் காட்டுகிறது. ரிப்போர்ட்டை நியூட்டனில் கேட்கிறார்கள். 10-ஆல் பெருக்கிப் போட்டுவிடலாமா?

ரிசல்ட் எல்லைக்கு மேலே நன்றாகத் தள்ளி நின்றால் போட்டுக்கொள்ளுங்கள், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அப்படி நின்றிருந்தால் நீங்கள் இங்கே வந்து கேட்டிருக்க மாட்டீர்கள் என்பது என் ஊகம்.

கணக்கையே போட்டுவிடுவோம். 150 மி.மீ. கியூப், முகப்பரப்பு 22,500 சதுர மி.மீ. எம்25 கலவை, அதாவது 28 நாளில் சதுர மி.மீ.க்கு 25 நியூட்டன் தாங்க வேண்டியது; 28 நாள் ஆயிற்று. ஊசி 57 டன்னில் நின்றது. 10-ஆல் பெருக்கினால் 570 கிலோநியூட்டன். பரப்பால் வகுத்தால் சதுர மி.மீ.க்கு 25.33 நியூட்டன். பாஸ். 9.80665-ஆல் பெருக்கினால் 559 கிலோநியூட்டன், 24.84. 25-ஐத் தொடவில்லை.

'ஒரு கியூபை வைத்தா முடிவு செய்வார்கள், மூன்றின் சராசரி அல்லவா' என்று கீழே எழுத வருபவர்களுக்கு: சரிதான். ஆனால் மூன்றையுமே 10-ஆல் பெருக்கியிருந்தால் சராசரியும் அதே 2 சதவீதம் ஏறித்தான் நிற்கும். ஒன்று கூடி ஒன்று குறைந்து சமனாகிற பிழை இல்லை இது.

9.80665 என்பது 1901-ல் எடை அளவுகளுக்கான பொது மாநாட்டில் நிர்ணயித்த 'ஜி', அதாவது புவியீர்ப்பு முடுக்கம். சென்னையில் அளந்தால் 9.78 சொச்சம்தான் வரும். அதற்காக அதை எடுத்துப் போடக் கூடாது. கிலோகிராம் விசை என்ற அலகே அந்த நிர்ணய மதிப்பை வைத்துத்தான். எடைக்கல்லைத் தொங்கவிட்டு லோடு செல்லை, அதாவது விசை அளக்கும் சென்சாரை, சரிபார்க்கும்போது மட்டும் அந்த ஊர் ஜி வேண்டும்.

இதைவிடப் பெரிய வில்லங்கம், அது எந்த டன் என்பது. மெட்ரிக் டன் விசை 9.807 கிலோநியூட்டன். பிரிட்டிஷ் டன் 2,240 பவுண்டு, அதாவது 9.964. அமெரிக்க டன் 2,000 பவுண்டு, 8.896. உங்கள் மிஷின் பழைய பிரிட்டிஷ் தயாரிப்பாக இருந்து டயலும் அந்த டன்னில் இருந்தால், அதே 57-க்கு 25.24 வந்து கியூப் மறுபடி பாஸாகிவிடும்! டயலில் வெறும் 'டி' என்று இருந்தால் நம்பாதீர்கள். காலிபரேஷன் சான்றிதழை எடுத்து, டயல் அளவுக்கு எதிரே எத்தனை கிலோநியூட்டன் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

பவுண்டு விசை என்றால் 4.448 நியூட்டன். மனப்பாடம் ஆகாவிட்டால் ஒரு பவுண்டுக்கான கிலோ அளவு 0.45359237-ஐ 9.80665-ஆல் பெருக்குங்கள், அவ்வளவுதான். அமெரிக்க வரைபடங்களில் 'கிப்' என்று வந்தால் ஆயிரம் பவுண்டு விசை, 4.448 கிலோநியூட்டன். பவுண்டல், டைன் போன்ற பழைய விசை அலகுகளெல்லாம் பரீட்சையோடு சரி.

சதுர செ.மீ.க்கு இத்தனை கிலோ என்பதைச் சதுர மி.மீ.க்கு நியூட்டனாக்கும்போது பலர் 9.8-ஆல் பெருக்கிவிடுகிறார்கள். பரப்பும் மாறுகிறதே! 10.197-ஆல் வகுக்க வேண்டும். 250 என்பது 24.5 ஆகும்.

லோடு ஏற்றும் வேகத்திலும் இதே கதை. கான்கிரீட் சோதனைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 516-ன் 1959-ம் ஆண்டுப் பதிப்பு (2021-ல் இதன் இடத்தில் புதியது வந்துவிட்டது) நிமிடத்துக்கு சதுர செ.மீ.க்கு 140 கிலோ என்றது. அது கிலோகிராம் விசை; 'விசை' என்ற சொல்லைத் தரநிலையே விழுங்கிவிட்டது. 150 மி.மீ. கியூபுக்கு அது நிமிடத்துக்கு 31.5 டன், புது டிஜிட்டல் மிஷினில் வினாடிக்கு 5.15 கிலோநியூட்டன். 100 மி.மீ. கியூபுக்கு 2.29 மட்டுமே. செட்டிங்கை மாற்றாமல் சின்ன கியூபை வைத்தால் இரண்டேகால் மடங்கு வேகத்தில் ஏறும், வலிமையும் சற்றுக் கூடுதலாகக் காட்டும்.

'2 சதவீதம்தானே' என்பவர்களுக்கு: 1999-ல் நாசாவின் செவ்வாய் ஆர்பிட்டர் தொலைந்ததே, அங்கே பவுண்டு விசையை நியூட்டன் என்று எடுத்துக்கொண்ட 4.45 மடங்கு பிழையே மாதக்கணக்கில் பிடிபடவில்லை. நம் 2 சதவீதம் யார் கண்ணில் படப்போகிறது? இதற்கெல்லாம் மூலம் 'ஜி = 10 எனக் கொள்க' என்று அச்சடிக்கும் கேள்வித்தாள்கள்தான். பையனுக்குப் பெருக்கல் சுலபமாக இருக்கட்டும் என்று போட்டதை, அவன் லேப் வரைக்கும் தூக்கிக்கொண்டு வருகிறான்.

ரிஜிஸ்டரில் ஊசி காட்டியதை அப்படியே, எந்த டன் என்பதோடு ஒரு பத்தியில் எழுதுங்கள். கிலோநியூட்டன் அடுத்த பத்தியில் வரட்டும். 559 என்று மட்டும் எழுதி வைத்தால், எந்த எண்ணால் பெருக்கினீர்கள் என்று நாளை உங்களுக்கே தெரியாது.