பரோட்டா கடை மேல கேஸ் போடலாமா?

கேள்வி: எனக்கு வயசு 36, பனியன் கம்பெனியில மெர்ச்சன்டைசர். ஷிப்மென்ட் வேலை முடிச்சு கிளம்பவே ராத்திரி பத்தாயிடும். வீட்டுல சமைச்சு வச்சிருப்பாங்க, இருந்தாலும் ஃப்ரெண்ட்ஸோட வாரத்துல நாலஞ்சு நாள் பரோட்டா, சால்னா, கலக்கின்னு முடிச்சிடறது. போன மாசம் டெஸ்ட் எடுத்ததுல சுகர், கூடவே கொலஸ்ட்ரால். இப்படி விஷத்த வித்து சம்பாதிக்கிற ஓட்டல்காரங்கள யாருமே கேக்கறதில்லையே? அமெரிக்காவுல பர்கர் கடை மேலயே கேஸ் போட்டாங்களாமே, நாமளும் போட்டா என்ன?
- பேர் வேண்டாம் என்ற வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, "வீட்டுல சமைச்சு வச்சிருப்பாங்க"ங்கற அந்த ஒரு வரிய மட்டும் நீங்க எழுதாம விட்டிருந்தா நானும் உங்க கட்சியில சேந்து ஓட்டல்காரங்கள நாலு வார்த்தை திட்டியிருப்பேன். உங்க ஊர்லயே ஒரே ரூம்ல ஆறு பேர் தங்கி வேலை பாக்கற பசங்க இருக்காங்க, அடுப்பு வைக்க இடம் கிடையாது, ஓவர்டைம் முடிஞ்சு வந்தா திறந்திருக்கறது அந்த ஒரு கடைதான், அவங்க இதே கேள்விய கேட்டா என் பதில் வேற மாதிரி இருக்கும். நீங்க வீட்டுல மூடி வச்ச சாப்பாட்ட விட்டுட்டு கடைக்குப் போனவர்.

சரி, கேஸுக்கு வரேன். போட்டாங்க, நெசந்தான். 2002ல நியூயார்க்ல ரெண்டு டீனேஜ் பொண்ணுங்க சார்பா மெக்டொனால்ட்ஸ் மேல போட்ட கேஸ் அது, எங்க புள்ளைங்க குண்டானதுக்கும் வியாதிக்கும் நீங்கதான் காரணம்னு. போட்டத மட்டும் எல்லாரும் ஃபார்வர்டு பண்றாங்க, முடிஞ்சத யாரும் சொல்றதில்ல. 2003 ஜனவரியில நீதிபதி ராபர்ட் ஸ்வீட் தள்ளுபடி பண்ணிட்டார், தெரிஞ்சே அளவுக்கு மீறி சாப்பிடறவங்கள காப்பாத்தறது சட்டத்தோட வேலை கிடையாதுங்கறதுதான் அவர் சொன்னதோட சாரம். அப்புறம் திருத்திப் போட்டாங்க, அப்பீல் போனாங்க, வருஷக்கணக்கா இழுத்துச்சு, அந்தப் பொண்ணுங்களுக்கு நஷ்டஈடுன்னு எந்தத் தீர்ப்பும் வரல. நடுவுல அங்க பிரதிநிதிகள் சபையில, குண்டானதுக்கெல்லாம் கடை மேல கேஸே போடக்கூடாதுன்னு 2004லயும் 2005லயும் மசோதா பாஸ் பண்ணாங்க, 'சீஸ்பர்கர் பில்'னு கிண்டலா பேரு, செனட்ல தேறல, ஆனா பல மாநிலங்கள்ல அதே மாதிரி சட்டமே வந்துடுச்சு.

எனக்கு அந்தக் கேஸ்ல பிடிச்சது வேற ஒரு இடம். கேஸ தள்ளின அதே நீதிபதி அதே தீர்ப்புல அந்தக் கடையோட சிக்கன் நக்கெட்ட ஒரு பிடி பிடிச்சிருப்பார், இது வாணலியில பொரிச்ச வெறும் கோழி கிடையாது, வீட்டுல சமைக்கிறவங்க யாரும் போடாத என்னென்னமோ சேந்த 'மெக்ஃபிராங்கன்ஸ்டைன்' படைப்புன்னு (ஃபிராங்கன்ஸ்டைன் கதையில துண்டு துண்டா ஒட்டி உருவாக்கின பூதம் மாதிரின்னு அர்த்தம்). அதாவது தின்னவனுக்குத் தெரிய வாய்ப்பே இல்லாத சமாச்சாரம்னா வித்தவன்தான் பதில் சொல்லணும்னு ஒரு கதவ திறந்து வச்சார். இத வச்சு உங்க கடைக்கு வாங்க.

பரோட்டா அடுப்பு எங்க இருக்கு? ரோட்டப் பாத்து, வாசல்லயே! ஓட்டல்காரர் எதையும் மறைக்கல தம்பி. மைதா உருண்டைய எண்ணெய்ல குளிப்பாட்டி ஈரத்துணி போட்டு மூடி வச்சிருக்கறது தெரியும், மாஸ்டர் அத அடிச்சு வீசி கண்ணாடி மாதிரி ஆக்கி கொசுவிச் சுத்தறது தெரியும், கல்லுல போட்டு மேல ஒரு கரண்டி எண்ணெய சுத்தி ஊத்தறது தெரியும், கடைசியா அஞ்சாறு பரோட்டாவ அடுக்கி ரெண்டு கையாலயும் பட்டுபட்டுன்னு அடிக்கும்போது அவர் விரல் இடுக்குல எண்ணெய் மின்னறது கூட தெரியும். நீங்க அத வேடிக்கை பாத்துக்கிட்டேதான் "மாஸ்டர், நல்லா மொறுமொறுன்னு ரெண்டு"ன்னு சொன்னீங்க. நாலாவது பரோட்டாவ யாரும் உங்க வாயில திணிக்கல.

எங்க ஆபீஸ் பக்கத்துல ஒரு மெஸ். கல்லாவுல இருக்கறவர் நமக்குப் பழக்கம். அவருக்கே பைபாஸ் ஆகி வந்தப்புறம் ஞானோதயம் மாதிரி தோசைக்கு எண்ணெய பாதியா குறைக்கச் சொல்லிட்டார். ஒரு வாரம் தாக்குப் பிடிச்சார். "என்னண்ணே தோசை வறட்டி மாதிரி இருக்கு, ஆள் மாத்திட்டீங்களா"ன்னு தினம் ரெண்டு பேரு, அதுல ஒருத்தர் மாத்திரைய சட்டைப் பையில வச்சுக்கிட்டே கேட்டவர். எட்டாவது நாள் பழைய கரண்டியே வந்துடுச்சு. (நான் அந்த ஒரு வாரம் புகார் சொல்லல, ஆனா பொங்கலுக்கு நெய் இன்னும் கொஞ்சம்னு கேட்டேன். எழுதறவன் மட்டும் ஒழுங்குன்னு நினைச்சுடாதீங்க.)

இப்ப ஓட்டல்காரங்க பக்கம் வரேன், அவங்கள சும்மா விடறதா இல்ல. சால்னாவும் சில்லி சிக்கனும் தயாராகறது உள்ள. அந்தச் சட்டியில இருக்கற எண்ணெய் இன்னைக்கு ஊத்தினதா, நேத்து மிச்சத்து மேல ஊத்தினதான்னு உங்களுக்குத் தெரிய வழியே இல்ல. திரும்பத் திரும்பக் காய்ச்சற எண்ணெய்ல சேர்ற போலார் காம்பவுண்டுங்கற கழிவு 25 சதவீதத்த தாண்டினா அந்த எண்ணெய சமையலுக்குத் தொடவே கூடாதுன்னு மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலையிலேருந்து விதி வச்சிருக்கு. எண்ணெய்ல டிரான்ஸ் ஃபேட்ங்கற கெட்ட கொழுப்பு ரெண்டு சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு 2022லேருந்து இருக்கு. இதயெல்லாம் மீறினா அது உங்க நாக்கோட தப்பு கிடையாது, கடையோட குற்றம், அங்க "நீதானே வந்து தின்ன"ங்கற பேச்சுக்கே இடமில்ல. பத்து கிளையோ அதுக்கு மேலயோ வச்சிருக்கற பெரிய ஓட்டல்காரங்க மெனுவுலயே கலோரி போடணும்னும் ரூல் இருக்கு, அடுத்த தடவ ஏசி ஹால்ல உக்காந்தா விலைக்குப் பக்கத்துல அந்த நம்பரையும் கொஞ்சம் பாருங்க. உங்க ராத்திரிக் கடைக்கு அந்த ரூல் வராது, ஆனா எண்ணெய் விதி அவருக்கும் உண்டு. சட்டி எண்ணெய் கன்னங்கரேல்னு, பிசுபிசுன்னு, ஓரத்துல நுரை கட்டி இருந்தா மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் புகார் போடுங்க. அந்தப் புகாருக்கு நானும் கையெழுத்துப் போடறேன்.

ஆனா உங்க சுகருக்காக கேஸ்? கஷ்டம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2023ல வெளியிட்ட ஆய்வுப்படி தமிழ்நாட்டுல பெரியவங்கள்ல நூத்துக்கு 14 பேருக்கு மேல சுகர், அதுல பரோட்டாவ தொடாத மாமிங்களும் இருக்காங்க, பரம்பரை இருக்கு, தூக்கமில்லாம ஷிப்மென்ட் பாக்கற உங்க வேலையும் இருக்கு. எந்த வக்கீல் வந்து அதுல ஒரு கடையோட பங்க பிரிச்சுக் காட்டப் போறாரு? தவிர எதிர்த்தரப்பு வக்கீல் உங்க பில்லக் கேப்பார், அதுல ரெண்டாவது கிண்ணம் சால்னா இருக்காது, அது ஃப்ரீ. ஆமா, எத்தன பரோட்டான்னு எழுதல, சரி, அந்தக் கலக்கி சிங்கிளா டபுளா?