முதல் ஸ்கேன் நார்மல், ஆனாலும்...

கேள்வி: அப்பாவுக்கு வயது 74. ஆறு வாரத்துக்கு முன் பாத்ரூமில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டது. அன்று எடுத்த சி.டி. ஸ்கேன் நார்மல். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். பத்து நாளாக இடது காலைத் தேய்த்து நடக்கிறார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுகிறார், பகலெல்லாம் தூங்குகிறார். இது மறதி நோயா, டாக்டர்?

பதில்: மறதி நோய் இப்படிப் பத்து நாளில் வந்து நிற்காது, ஒரு பக்கத்துக் காலையும் பிடித்து இழுக்காது. இன்றைக்கே அவரை சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

மூளைக்கும் அதன் தடித்த உறைக்கும் நடுவில் ரத்தம் தேங்கியிருக்குமோ என்பது என் சந்தேகம். வயதானால் மூளை சற்றுச் சுருங்கும். மூளையிலிருந்து உறைக்குப் போகும் மெல்லிய சிரைகள் இழுபட்டே இருக்கும், சின்ன அடிக்கே கிழியும். கசிந்த ரத்தத்தைச் சுற்றி ஒரு சவ்வு வளரும். அதில் முளைக்கும் புது ரத்தக்குழாய்களும் பலவீனமானவை, அவையும் கசியும். போதாக்குறைக்கு, ரத்தம் உறைவதைக் குறைக்கும் ஆஸ்பிரின் வேறு. உள்ளே காலியிடம் இருப்பதால் வாரக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது. ஆக, முதல் ஸ்கேன் தவறில்லை, அன்றைய நிலையைத்தான் அது சொன்னது.

அங்கே சுயநினைவு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று கிளாஸ்கோ அளவுகோலில் மதிப்பெண் போடுவார்கள். கண் திறப்பது, பேச்சு, அசைவு மூன்றுக்கும் சேர்த்து மொத்தம் 15. அப்பாவுக்கு 14 வரலாம், ஏன், 15 கூட வரலாம். அதைக் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். கண்ணை மூடி, உள்ளங்கை மேலே பார்க்க இரு கைகளையும் நீட்டச் சொல்வார்கள். இடது கை மட்டும் தானாகத் திரும்பி இறங்கினால் சந்தேகம் வலுக்கும்.

விழுந்த கதையை நீங்களே முதலில் சொல்லுங்கள். ஆறு வாரத்துக்கு முந்தைய சங்கதி என்று பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள், பக்கவாதம் என்றே பேச்சு ஓடும். பழைய ஸ்கேனையும் மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். ஸ்டென்ட் இருப்பதால் ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம், அங்கே முடிவு செய்வார்கள்.

தேக்கம் சிறிதாக இருந்தால் கண்காணித்தாலே போதும். மூளையை அழுத்தினால் மண்டையோட்டில் ஒன்றிரண்டு துளை போட்டு வடிப்பார்கள், ஓரிரு நாள் குழாய் இருக்கும். பலருக்கு நடை சீக்கிரமே திரும்பிவிடும். சுமார் பத்தில் ஒருவருக்கு மறுபடி தேங்குவதுண்டு, அதனால் மறுபரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

கிளம்பும் முன்பே வாந்தி, வலிப்பு வந்தாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ ஆட்டோ தேடாமல் 108-ஐ அழையுங்கள்.