அறுபது பக்கம் சரி, பந்து எங்க?

அன்புள்ள அண்ணா,
காலேஜ் ரெண்டாவது வருஷம். வீடியோ கேம் பண்ணணும்னு ஆசை. ஏழு ராஜ்யம், நூறு கேரக்டர், ஓப்பன் வேர்ல்ட்னு அறுபது பக்கம் கதை எழுதி வெச்சிருக்கேன். கேம் பண்ற சாஃப்ட்வேர்ல எத எடுக்கறது, யூனிட்டியா, கோடோவா, அன்ரியலா? கணக்கு சுமார்தான். எங்க ஆரம்பிக்கறது?
க.

அன்புள்ள தம்பி,
கோடோ எடுத்துக்கோ, ஃப்ரீ, சுமாரான லேப்டாப்லயும் ஓடும். யூனிட்டி தெரிஞ்சா அதுவும் சரி. கணக்கு தேவைப்படும்போது தானா வரும், விடு.

அந்த அறுபது பக்கம்தான் எரிச்சலாவும் இருக்கு, பாவமாவும் இருக்கு. போன வாரம்தான் என்னோட பழைய நோட்டு கைல சிக்குச்சு, அதுலயும் இதே கதை, மேப் எல்லாம் கலர் பென்சில்ல. அது கேம் இல்லடா, வேலைய தள்ளிப்போட ஒரு சாக்கு. பேப்பர்ல குதிரை ஓடும், கதவு திறக்கும், ஒரு பக் (கோட்ல வர்ற தப்பு) கிடையாது. உன் நூறு பேர்ல ஒருத்தனாவது ஸ்கிரீன்ல ஒரு அடி நடந்திருக்கானா?

1984ல ரஷ்யாக்காரர் பஜித்னோவ், பிளாக் அடுக்கற டெட்ரிஸ் கேம எழுதின எலெக்ட்ரானிகா 60 கம்ப்யூட்டர்ல கிராஃபிக்ஸே கிடையாது, பிராக்கெட் குறிய அடுக்கித்தான் பிளாக்க காட்டினார்.

உனக்கு கீழ ஒரு கட்டை, ஒரு பந்து, மேல நாலு வரிசை செங்கல் போதும். ஆனா முடி. ஸ்டார்ட் பட்டன், ஸ்கோர், சத்தம், கேம் ஓவர், ரீஸ்டார்ட் எல்லாம் வேணும். ரீஸ்டார்ட் அமுக்கினா பழைய ஸ்கோர் அப்படியே நிக்கும் பாரு, அங்கதான் தலைய பிச்சுக்குவ. பந்து முட்டித் திரும்பறது ஒரு சாயங்கால வேலை, மிச்சத்துக்கு ரெண்டு வாரம் போகும், அந்த ரெண்டு வாரத்துலதான் ஆளாளுக்கு புது ஐடியா வந்துடுச்சுன்னு ஓடிடறானுங்க. ஓடாத. முடி. முடிச்சு இன்னொருத்தர் கைல குடுத்துட்டு, வாய மூடிட்டு பின்னாடி நில்லு.

நான் அப்படி நின்னது அக்கா பொண்ணு பின்னாடி, அப்ப அவளுக்கு எட்டு வயசு. லெவல் ஏற ஏற பந்து வேகமாச்சு, திடீர்னு கட்டைக்குள்ள பூந்து கீழ போயிடுச்சு. ஸ்கிரீன்ல படம் ஒவ்வொரு தடவ மாறறதுக்கும், அதாவது ஃபிரேமுக்கு, பந்து இருபது பிக்ஸல் தாவுது, கட்டை தடிமன் பத்துதான், ஒரு ஃபிரேம்ல மேல, அடுத்ததுல கீழ, நடுவுல முட்டவே இல்ல. எனக்கு மானம் போச்சு. அவ "மாமா, பேய்ப் பந்து!"ன்னு கத்திட்டு வேணும்னே அத வரவைக்க ஆடிட்டு இருந்தா. நான் ராத்திரி உக்காந்து, பந்து போன வழி முழுசையும் செக் பண்ற மாதிரி மாத்தி காலைல பெருமையா நீட்டினேன். நாலு நிமிஷம் ஆடிட்டு, "பேய் எங்க மாமா?"

செங்கலுக்குள்ள பூந்து போற பவர்-அப்பா, அதாவது ஆட்டத்துல கிடைக்கற எக்ஸ்ட்ரா சக்தியா, அந்தப் பேய திரும்ப கொண்டாந்தேன், அப்புறம்தான் சமாதானம் ஆனா. இப்ப அவளும் காலேஜ். நீ முடிச்சதும் அனுப்பு, அவகிட்ட குடுக்கறேன். நாலு நிமிஷம் தாண்டறது கஷ்டம், இப்பவே சொல்லிட்டேன்.