1978 ஃபியட் 124 ஸ்பைடரில் ஆரம்ப கால மெல்லிய குரோம் பம்பர் நேரடியாகப் பொருந்துமா?

கேள்வி இது: அமெரிக்காவில் விற்கப்பட்ட 1978 ஃபியட் 124 ஸ்பைடர் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். முன்னும் பின்னும் துருத்திக்கொண்டிருக்கும் பெரிய பம்பர்களைக் கழற்றிவிட்டு, ஆரம்ப கால வண்டிகளின் மெல்லிய குரோம் பம்பர்களைப் போட ஆசைப்படுகிறீர்கள். நேரடியாகப் பொருந்துமா, செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொருத்தலாம். ஆனால் நேரடியாகப் பொருந்தாது. நியூ ஜெர்சியில் என் வீட்டு கராஜில் இதே 1978 வண்டியில் இந்த வேலையைச் செய்து முடித்திருக்கிறேன். அந்த உரிமையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பம்பரை இப்போது வாங்காதீர்கள். பம்பரை வண்டியின் உடலோடு பிடித்து நிறுத்தும் பிராக்கெட்டுக்கு வழி கிடைத்த பிறகு வாங்குங்கள்.

நான் தலைகீழாகச் செய்தேன். எல்லா ஆண்டு வண்டிகளுக்கும் பொருந்தும் என்று விற்றவர் உறுதி சொன்னதை நம்பி, பழைய அசல் குரோம் பம்பர் ஜோடி ஒன்றை வாங்கினேன். பெட்டியைப் பிரித்த அன்று தரையில் போர்வை விரித்து, அதன்மேல் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த நாள் வண்டிக்கு அருகே எடுத்துப் போய்ப் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதைத் தாங்கி நிறுத்த அந்த உடலில் ஓர் இடமும் இல்லை. பதினான்கு மாதங்கள் அந்தப் பெட்டி அப்படியே கிடந்தது.

ஏன் அப்படி என்று தெரிந்துகொண்டால் வேலை எளிதாகும். 124 ஸ்பைடர் 1966இல் டூரின் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. கார்களை வடிவமைக்கும் இத்தாலிய நிறுவனமான பினின்ஃபரீனாவில் இருந்த டாம் ஜார்டா வரைந்த உடல் அது. இத்தாலியக் கார் என்று நாம் கொண்டாடுகிற இதை வரைந்தவர் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் பிறந்தவர் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. அவர் வரைந்த முகத்தில் பம்பர் என்பது மூக்கின் கீழே ஓடும் ஒரு மெல்லிய கோடு, அவ்வளவுதான். கண்ணுக்கு மை தீட்டியதுபோல.

பிறகு அமெரிக்க அரசின் பம்பர் விதி வந்தது. 1973 மாடல்களிலிருந்து, முன்பக்கம் மணிக்கு 5 மைல் வேகத்திலும் பின்பக்கம் 2.5 மைல் வேகத்திலும் சுவரில் மோதினால் விளக்கு, எரிபொருள் அமைப்பு போன்ற பாதுகாப்புப் பாகங்களுக்குச் சேதம் வரக்கூடாது என்றார்கள். அடுத்த ஆண்டே பின்பக்கத்துக்கும் 5 மைல் ஆனது. தரையிலிருந்து 16 முதல் 20 அங்குல உயரத்துக்குள் ஊசல்போல் வந்து மோதும் எடையையும் பம்பர் தாங்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். இந்த வண்டிகளில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குத்தான் வந்தது. ஆகவே ஃபியட்டுக்கு வேறு வழி இல்லை. 1974 வண்டிகளில் கனத்த ரப்பர் முட்டுகள் வந்தன. 1975இலிருந்து, நீங்களும் நானும் வாங்கிய வடிவம் வந்தது: தடித்த அலுமினியச் சட்டம், இரு முனையிலும் கறுப்பு ரப்பர் மூடி, பின்னால் அதைத் தாங்க இரண்டு ஹைட்ராலிக் ஷாக் அப்சார்பர்கள், அதாவது மோதலின் அதிர்ச்சியை உள்வாங்கும் திரவ உருளைகள். (1982இல் அந்த விதியை அரசே மீண்டும் 2.5 மைலாகத் தளர்த்திவிட்டது. அதற்குள் நம் 1978 வண்டிகள் உருவாகி முடிந்துவிட்டன.)

அந்த இரண்டு ஷாக்குகள்தான் விஷயமே. அவை உள்ளே நுழைந்து உடலின் நீளச்சட்டங்களில் உட்காருவதற்காக முன் தகட்டில் திறப்புகள் இருக்கின்றன. ஆரம்ப கால வண்டியில் பிராக்கெட் பிடிக்கும் இடம் வேறு. பழைய வண்டியின் அசல் பிராக்கெட்டே கிடைத்தாலும் நம் வண்டியில் அதற்கான பிடி இருக்காது.

கழற்றும் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். உப்புத் தூவிய குளிர்காலச் சாலைகளில் ஓடிய வண்டி என்றால் போல்ட்டுகள் எளிதில் மசியாது. அலுமினியமும் இரும்பும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் வெள்ளைப் பொடி பூத்து இறுகிவிடும். மூன்று இரவுகள் தொடர்ந்து துருவை இளக்கும் எண்ணெய் அடித்துவிட்டு, நான்காம் நாள்தான் ஸ்பேனரை வைத்தேன். ஒரே இழுப்பில் திருப்பாமல் கால் சுற்று தளர்த்தி, அரைக்கால் சுற்று மீண்டும் இறுக்கி, எண்ணெய் உள்ளே இறங்கக் காத்திருந்து, மறுபடி தளர்த்தினேன். அப்படியும் ஒன்று முறிந்தது. பம்பர் விடுபடும் நேரத்தில் கட்டாயம் இன்னொருவர் வேண்டும். என் மகள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். தரையில் இறக்கியதும், "இவ்வளவு கனமா அப்பா!" என்று அவள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. போல்ட் வரவில்லை என்பதற்காக ஷாக்குக்கு அருகில் தீயைக் கொண்டு போகாதீர்கள். அவை அடைத்து மூடிய உருளைகள். உள்ளே அழுத்தம் இருக்கக்கூடும். சூடேற்றினால் வெடித்துச் சிதறும். பலர் அதில் துளையிட்டுத் திரவத்தை வெளியேற்றி, உள்ளே தள்ளி, அதே பழைய பம்பரை உடலை ஒட்டி நிறுத்துகிறார்கள். செலவு குறைவு என்பது உண்மைதான். ஆனால் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல், முகத்தை நேரே வைத்துக்கொண்டு யாரும் அதைச் செய்வதை நான் பார்க்க விரும்பவில்லை. பெரிய பம்பரையே சற்று உள்ளே இழுத்தால் போதும் என்று உங்களுக்குத் தோன்றினால், ஷாக்கை முழுதாகக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் குட்டையான இரும்புப் பிராக்கெட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

பம்பர் வெளியே வந்ததும் நான் எதிர்பாராத ஒன்றைப் பார்த்தேன். என் வண்டி மங்கிய செங்கல் நிறத்தில் இருக்கும். பம்பருக்குப் பின்னால், இத்தனை ஆண்டுகள் வெயில் படாத பட்டையில், அடர்த்தியான சிவப்பு அப்படியே இருந்தது. கையால் அழுக்கைத் துடைக்கத் துடைக்கப் பளபளத்தது. ஆலையை விட்டு வந்த நாளில் வண்டி இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தபோது ஏதோ ஒரு பழைய கடிதத்தைப் பிரித்ததுபோல இருந்தது. ஆனால் அதுவே செலவுக்கும் காரணம். மெல்லிய பம்பர் அந்தப் பட்டையை மறைக்காது. திறப்புகளைத் தகடு வைத்து அடைக்க வேண்டும், டிங்கரிங் செய்ய வேண்டும், மூக்கு முழுவதும் வண்ணம் அடிக்க வேண்டும். பின்பக்கத்துக்கும் அப்படியே. பம்பர் மாற்றுவதற்கு என்று நீங்கள் பணம் ஒதுக்கினால், அதில் பெரும்பங்கு வண்ணத்துக்குத்தான் போகும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இனி பிராக்கெட். ஷாக் உட்கார்ந்திருந்த இடமும் அதன் போல்ட் துளைகளும் ஏற்கெனவே வலுவானவை. மோதலைத் தாங்கவே அமைத்தவை. நான் அந்தத் துளைகளையே பயன்படுத்திக்கொண்டேன். உடலில் புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை. முதலில் தடித்த அட்டையை வெட்டி, மடித்து, பிசின் நாடாவால் ஒட்டி ஒரு மாதிரி செய்தேன். பம்பரை மரக்கட்டைகளின்மேல் சரியான உயரத்தில் நிறுத்திவைத்து, அதன் பிடிப்புத் துளையிலிருந்து உடலின் துளைவரை அட்டையை வளைத்து வளைத்து அளவெடுத்தேன். நான்கு முறை வெட்டிய பிறகுதான் சரியாக வந்தது. பிறகு அதை 5 மி.மீ. இரும்புத் தகட்டில் வெட்டி, ஒரு வெல்டரிடம் கொடுத்து முட்டுத்தகடு வைத்துப் பற்றவைத்தேன். பம்பர் பக்கத்துத் துளைகளை வட்டமாகப் போடாமல் நீள்துளையாகப் போடச் சொன்னேன். அந்த ஒரு முடிவு என்னைப் பல நாள் உழைப்பிலிருந்து காப்பாற்றியது. மேலும் கீழும், முன்னும் பின்னும் சில மில்லிமீட்டர் நகர்த்த இடம் இல்லாவிட்டால் இந்த வேலை முடியவே முடியாது. ஏனென்றால் வண்டியின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அளவில் இல்லை. என் வண்டியில் வலது மட்கார்டின் முனை இடதைவிட 6 மி.மீ. முன்னால் இருந்தது.

பின்பக்கத்தில் இன்னும் கவனம் தேவை. இந்த வண்டியில் பேட்டரி டிக்கிக்குள் ஒரு மூலையில் இருக்கிறது. அமிலம் கசிந்து, அந்த மூலையில் தகடு அரித்துப்போன வண்டிகள் ஏராளம். பம்பர் பிடிக்கும் இடமும் அதற்கு வெகுதூரத்தில் இல்லை. ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்துவிட்டு மேலே போங்கள். பெட்ரோல் டேங்க்கும் அங்கேயேதான். டேங்க்கைக் கழற்றி வெளியே வைக்காமல் பின்பக்கத்தில் வெல்டிங் பொறி பறக்க விடவே கூடாது. எண்பலகையும் அதன் விளக்கும் எங்கே வரப்போகின்றன என்பதையும் வண்ணம் அடிப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

எந்தப் பம்பரை வாங்குவது? நான் வாங்கிய அசல் ஜோடியில் முன்பம்பர் நன்றாக இருந்தது. பின்பம்பர் முழுவதும் புள்ளி புள்ளியாகத் துரு. முலாம் பூசும் கடை ஒன்றில் கொடுத்தேன். குரோம் முலாம் என்று நாம் சொல்வது அடியில் செம்பு, நடுவில் நிக்கல், மேலே மிக மெல்லிய குரோம் என மூன்று அடுக்கு. அடியில் இருக்கும் இரும்பு எவ்வளவு சீராக இருக்கிறதோ அவ்வளவுதான் மேலே தெரியும். அந்தக் கடையில் குழிகளைப் போக்குவதற்காகச் சாணைச் சக்கரத்தில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து, பம்பரின் கூரான விளிம்பையே மழுக்கிவிட்டார்கள். கண்ணாடிபோல மின்னியது, ஆனால் சோப்புக்கட்டி கரைந்ததுபோல இருந்தது. ஒரு வாரம் எனக்கு அதைப் பார்க்கவே மனம் வரவில்லை. நீங்கள் கொடுப்பதாக இருந்தால், விளிம்புகளைத் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுங்கள், முன்பே படம் எடுத்து வையுங்கள்.

அதற்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகில் புதிதாகச் செய்த பின்பம்பரை வாங்கினேன். பழைய ஐரோப்பியக் கார்களுக்கு இத்தகைய பம்பர்கள் வியட்நாமில் செய்யப்பட்டு வருகின்றன. வேலைப்பாடு நன்றாகவே இருந்தது. ஆனால் மாலை வெயிலில் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தபோது குறை தெரிந்தது: குரோம் நீலம் கலந்த வெண்மை, எஃகு லேசான மஞ்சள் கலந்த வெண்மை. முன்னுக்கும் பின்னுக்கும் வெவ்வேறு உலோகம் என்பது ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு மறையாது. கடைசியில் முன்பம்பரும் எஃகிலேயே வாங்கினேன். அசல் முன்பம்பரை 1971 வண்டி வைத்திருந்த ஒருவருக்குக் கொடுத்தேன். அது போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான். ஆகவே இரண்டையும் ஒரே உலோகத்தில் வாங்குங்கள்.

பொருத்தும்போது எல்லா போல்ட்டையும் தளர்வாக வைத்துத் தொடங்குங்கள். பானெட்டின் நடுவிலிருந்து ஒரு நூலில் தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டு நடுக்கோட்டைக் குறித்துக்கொண்டேன். சமதளத்துக்கு ரசமட்டத்தை நம்பாதீர்கள். கராஜ் தரையே சாய்வாக இருக்கும். விளக்குகளின் கீழ் விளிம்பிலிருந்து பம்பரின் மேல் விளிம்புவரை இருபுறமும் அளந்து சமப்படுத்துங்கள். பத்தடி தள்ளி நின்று பாருங்கள், மண்டியிட்டுப் பாருங்கள், பிறகு இறுக்குங்கள். இதெல்லாம் வண்ணம் அடிப்பதற்கு முன் ஒருமுறை முழுதாகச் செய்து பார்க்க வேண்டியவை. வண்ணம் அடித்த பிறகு மூக்கருகே ஸ்பேனர் நழுவினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பம்பர் முனைக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி விடுங்கள். ஒட்டி நின்றால் ஓட்டத்தில் அதிர்ந்து வண்ணத்தைத் தேய்த்துவிடும்.

வேலை முடிந்ததும் மூக்கு சற்று தூக்கலாகத் தெரியும். பிந்தைய அமெரிக்க வண்டிகள் இயல்பாகவே உயரமாக நிற்கின்றன. பளுவும் போய்விட்டால் முன் ஸ்பிரிங் இன்னும் கொஞ்சம் நிமிரும். நான் தாழ்வான ஸ்பிரிங் போட்டேன். அது அவரவர் விருப்பம்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. மத்திய அரசின் பம்பர் விதி புதிய வண்டியைச் செய்து விற்பவர்களுக்கானது. நம்மைப் போன்றவர்கள் பார்க்க வேண்டியது மாநில விதியை. எடுத்துக்காட்டாக, கலிபோர்னியாவில் பதிவான பயணியர் கார்களுக்கு முன்னும் பின்னும் பம்பர் இருந்தே ஆக வேண்டும். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியது வரும்வரை வெறும் மூக்கோடு ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். காப்பீட்டு நிறுவனத்திடமும் மாற்றத்தைச் சொல்லிவிடுங்கள். இந்த மெல்லிய பம்பர் எதையும் தாங்காது. நிறுத்துமிடத்தில் யாராவது பின்னால் வந்து மெதுவாக இடித்தாலும் பம்பரோடு தகடும் நசுங்கும். அதை ஏற்றுக்கொண்டுதான் நான் செய்தேன். கூட்டமான இடத்தில் வண்டியை நிறுத்துவதையே விட்டுவிட்டேன்.

கழற்றிய பெரிய பம்பர்களைத் தூக்கி எறியாதீர்கள். என்னுடையவை பழைய போர்வையில் சுற்றி கராஜின் உத்தரத்தில் இருக்கின்றன. ஷாக்குகளும் போல்ட்டுகளும் தனித்தனி டப்பாக்களில் இருக்கின்றன.

பிராக்கெட்டுக்காக வெட்டிய கடைசி அட்டை மாதிரிகள் நான்கும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் வண்டியில் ஷாக் பிடிக்கும் துளைகளின் நடுவிலிருந்து நடுவரை அளந்து கீழே எழுதுங்கள். என் அளவோடு ஒத்துப்போனால் அவற்றைத் தாளில் வைத்து வரைந்து, அளவுகளைக் குறித்துப் பதிவிடுகிறேன்.