ஓஷன் குரோவ்: வீடு உங்களுடையது, நிலம் அவர்களுடையது

வணக்கம். நியூஜெர்சி ஓஷன் குரோவில் நீங்கள் பார்த்த வீட்டுக்கு ‘நிலம் குத்தகை’ என்று போட்டிருக்கிறதே, ஏமாற்று வேலையா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, அந்த ஊரே அப்படித்தான்.

1869-இல் மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் போதகர்கள் சிலர் கடலோரத்தில் கூடாரம் அடித்து ஜெபக்கூட்டம் நடத்தினார்கள். மறு வருடம் மாநில அரசின் சாசனத்தோடு, இப்படிக் கூடாரம் அடித்து ஜெபக்கூட்டம் நடத்தும் ‘முகாம்கூட்டச் சங்கம்’ பதிவானது. நிலத்தைச் சங்கம் விற்கவில்லை; புதுப்பிக்கக்கூடிய 99 வருடக் குத்தகைக்குத்தான் விட்டது. அதுதான் இன்றும் தொடர்கிறது.

ஒரு காலத்தில் ஊரை ஆண்டதே சங்கம்தான். ஞாயிற்றுக்கிழமை தெருவில் வண்டியே ஓடக்கூடாது! மதச் சங்கத்துக்கு ஊராட்சி அதிகாரம் கூடாது என்று 1979-இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அது மாறியது. இப்போது நிர்வாகம், ஓஷன் குரோவ் அடங்கிய நெப்டியூன் டவுன்ஷிப் என்ற உள்ளாட்சியின் கையில்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: குத்தகைப் பத்திரத்தை வக்கீலிடம் காட்டுங்கள். பெயர் மாற்றம், ஆண்டு வாடகை, கடன் தரும் வங்கியின் நிபந்தனை மூன்றையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அப்புறம், வீடு பார்க்கக் கோடையில் போனால் 1894-இல் கட்டிய அந்தப் பெரிய மர அரங்கத்தையும், பக்கத்திலேயே இருக்கும் கூடார வீடுகளையும் பார்க்காமல் வராதீர்கள்.